எட்டு நாளில் போட்டு மூன்று நாளில் பிடுங்கிய செம்புக் குழாய்

நம் குழாய்க்காரர் வாட்சப் குழுவில் வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியைப் போட்டுவிடுகிறீர்கள். "அண்ணே, பழைய வீட்டுக்கு முழுசா பைப் மாத்தப் போறோம். காப்பரா, பெக்ஸா?" நான் குரல்பதிவில் பதில் சொன்னால், நீளமாக இருக்கிறது என்று பாதியிலேயே கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? பாச்சாங்கில் என் சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது. மனைவியும் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது கிடக்கட்டும்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செம்புக் கட்சி. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செம்புதான். நெருப்பு வைத்து, ஈயம் உருகி மூட்டைச் சுற்றி ஒரு வெள்ளி வளையம் போல ஓடி நிற்கும் பாருங்கள், அதைப் பார்க்கவே எனக்கு வேலைக்குப் போகப் பிடிக்கும். பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய் வந்த புதிதில் அதைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் என்றுதான் கிண்டல் செய்வேன். வளைத்தால் வளைகிறது, சுருட்டினால் சுருள்கிறது, அதைப் போட ஒரு ஆள் எதற்கு என்று கேட்பேன். தெங்கேராவில் ஒரு கடை வீட்டில் எலி கடித்த பெக்ஸ் துண்டு ஒன்று கிடைத்தது. அதை வேனில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் எல்லாம் காட்டித் திரிந்தேன். எலி கடித்தது ஒரே ஒரு வீட்டில்தான் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சரோஜா அக்கா கதைக்கு வருகிறேன்.

ஆலோர் காஜா போகும் வழியில், பழைய ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமாக மாறிய இடத்தின் ஓரத்தில் அவர்கள் வீடு. அக்காவின் கணவர் அந்தத் தோட்டத்திலேயே கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரைக் கிராணி ஐயா என்றுதான் கூப்பிடும். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டியதை எல்லாம் அக்கா பேசிவிடுவார். அந்தப் பக்கம் அரசாங்கப் பைப் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு என்பதால், வீட்டுக்குப் பின்னால் உள்ள கிணற்றிலிருந்து பம்ப் போட்டுக் கூரைத் தொட்டிக்கு ஏற்றி, சமையல் குளியல் எல்லாவற்றுக்கும் அதையே எடுத்தார்கள். வீட்டிலிருந்த இரும்புக் குழாய்கள் உள்ளே துருப்பிடித்து, குழாயைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர் வந்தது.

அந்த நிறத்தைப் பற்றி அவர்கள் பல வருடமாகக் கவலைப்படவில்லை. திடீரென்று கவலைப்பட்டதற்குக் காரணம் அவர்கள் மகள் கவிதா. தலைப்பிரசவம் முடிந்து பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வரப்போகிறாள். அவள் சாப்பிடும் ஒரு மருந்தால் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்த நாளிலிருந்தே பால்மாவுதான். ஒவ்வொரு புட்டிப் பாலும் அந்த வீட்டுத் தண்ணீரில்தான் கலக்கப்படும்.

"தம்பி, என் பேரப்பிள்ளைக்கு இந்தத் துருத் தண்ணியையா குடுக்கிறது? எல்லாத்தையும் புடுங்கிப் போடு. புதுசா போடு. மவ வர்றதுக்குள்ள முடிக்கணும் லா," என்றார் அக்கா.

கிராணி ஐயா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். ஹார்ட்வேர் கடையில் கொடுத்த பெக்ஸ் விளம்பரம். "இது எப்படி தம்பி? நம்ம கெணத்துத் தண்ணிக்கு ஒத்து வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கவனியுங்கள். அந்த வீட்டில் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேனுக்குப் போய் அந்த எலி கடித்த துண்டை எடுத்து வந்து காட்டினேன்.

அக்கா அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "பிளாஸ்டிக்கா? ஐயய்யோ! நான் தெனமும் காலைல செம்புச் சொம்புத் தண்ணிதான் குடிக்கிறேன். அது ஒடம்புக்கு எவ்ளோ நல்லதுன்னு வாட்சப்புல வந்துச்சே. குழாயே செம்பா இருந்தா வீட்டுக்கே செம்புத் தண்ணி. பிள்ளைக்கும் நல்லது. இல்லையா தம்பி?"

"ரொம்ப நல்லதுக்கா," என்றேன் நான்.

சாமி அறையிலிருந்து அந்தச் சொம்பைக் கொண்டுவந்து காட்டினார். பளபளவென்று இருந்தது. "தெனமும் புளி போட்டுத் தேய்ப்பேன். ஒரு நா விட்டாலும் உள்ள பச்சை பூத்திரும். நம்ம கெணத்துத் தண்ணிக்கு அவ்ளோ சக்தி!"

நானும் தலையாட்டினேன். ஆமாம், சக்திதான் என்றேன். அந்தச் சொம்பு என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கேட்க எனக்குத்தான் காது இல்லை. முப்பது வருடம் டவுனில் வேலை செய்தவன். பாச்சாங்கிலும் புக்கிட் பெருவாங்கிலும் சுத்திகரித்த பைப் தண்ணீரில் என் செம்பு ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. தண்ணீர் என்றால் எல்லாம் தண்ணீர்தானே என்ற திமிர்.

நானும் என் கூட்டாளி ரஹீமும் எட்டு நாளில் முடித்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் வாழ்நாளிலேயே அழகான வேலை அதுதான். சமையலறைச் சுவர் ஓரமாக மூன்று குழாய்கள் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் ஓடின. மூடி மறைக்க மனம் வராமல் வெளியே தெரியும்படியே விட்டேன். ரஹீம் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். அக்கா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் கண்ணாடியாய் வந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனேன். எதற்கு? சோதித்துப் பார்க்க என்று சொன்னால் பொய். ஃபேஸ்புக்கில் போடப் படம் எடுக்கப் போனேன்.

வாசலில் கிராணி ஐயா காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பாட்டில் தண்ணீர் இரண்டு பெட்டி. ஒன்று பிரித்திருந்தது. "எங்கயாவது யாத்திரையா ஐயா?" என்று கேட்டேன். "சும்மா தம்பி," என்று சட்டென்று மூடிவிட்டார். வீட்டுக்குள் தண்ணீர் இருக்க, ஒரு மனிதன் காருக்குள் ஒளித்து வைத்துக் குடிக்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

உள்ளே போனால் அக்கா சுரத்தே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். "என்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல தம்பி, நல்லதுதான் நடக்குது. காலைல எழுந்ததும் மொத வேலையா ரெண்டு கிளாஸ் குழாய்த் தண்ணி குடிக்கிறேன். ஒடனே கொமட்டுது. ஒரு நா வாந்தியே வந்துச்சு. உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வெளிய வருதுன்னு என் தங்கச்சி சொல்றா. செம்போட வேலையே அதான் லா."

நான் சமையலறைக்குப் போனேன். குழாய்க்குக் கீழே, வெள்ளைத் தொட்டியில், தண்ணீர் விழுகிற இடத்தில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு கோடு. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சாவியை வாயில் வைத்துச் சப்பினால் வரும் ருசி. நம் தொழிலில் ருசி தெரியாத ஆள் இருக்க முடியாது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் புளிப்புத்தன்மை அதிகம். அது செம்பை அரிக்கிறது. இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீர் செம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு காலையில் அக்காவின் கிளாஸில் விழுகிறது. சொம்பில் ஒரே நாளில் பச்சை பூத்தது அதனால்தான்.

சமையலறை அலமாரியைப் பார்த்தேன். பால்மாவு டின்கள் ஆறு, வரிசையாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் புதுப் புட்டிகள், இன்னும் காகிதம் பிரிக்காமல்.

படம் எடுக்கவில்லை. "அக்கா, நான் வர்ற வரைக்கும் இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க, சின்னதா ஒண்ணு பாக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். டவுனில் வண்ணமீன் விற்கும் கடையில் தண்ணீர் சோதிக்கும் தாள் கிடைக்கும். மீன் தொட்டி வைத்திருப்பவன் மீனுக்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்கிறான். மனிதனுக்குக் குழாய் போடும் நான் ஒரு நாளும் சோதித்ததில்லை. தாளைத் தண்ணீரில் நனைத்தேன். புளிப்பு என்று காட்டும் மஞ்சள் நிறத்துக்குப் போய் நின்றது. அதே பாட்டிலை லேபில் கொடுத்தேன். முடிவு வரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். கவிதாவுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, கதையில் இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். குழாய் போடுவதை யாரும் கற்றுத்தருவார்கள். இந்த இடத்தில் என்ன செய்வது என்று யாரும் கற்றுத்தரமாட்டார்கள்.

சாலையோரம் இளநீர் விற்கும் கடைக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். என் மூளை எனக்குச் சாதகமாக எத்தனை யோசனை சொன்னது தெரியுமா! காலையில் இரண்டு நிமிடம் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுப் பிடியுங்கள் என்று சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. சமையலறைத் தொட்டிக்கடியில் ஒரு ஃபில்டர் மாட்டிவிடலாம். லேப் முடிவு வரட்டும் என்று இருக்கலாம். நாளாக ஆகக் குழாய்க்குள் ஒரு படிவு உண்டாகி எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லலாம். டவுனில் அப்படித்தான் ஆகிறது. இவற்றில் எதைச் சொன்னாலும் அக்கா நம்புவார். அதுதான் பயமாக இருந்தது. வாந்தியையே நல்லது என்று நம்பியவர் ஆயிற்றே. அந்த நம்பிக்கைக்கு ரொம்ப நல்லதுக்கா என்று முத்திரை குத்தியவன் நான்.

விடியற்காலை பிள்ளை அழும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிறவர்கள் இரண்டு நிமிடம் எண்ணிக்கொண்டு நிற்பார்களா? என் வீட்டில் நிற்கமாட்டோம். அதோடு என் யோசனைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

ரஹீமுக்குப் போன் போட்டேன். முழுவதையும் பிடுங்கிவிட்டுப் பெக்ஸ் போடவேண்டும் என்றேன். "கீலா கா நீ?" என்றான். உனக்கென்ன பைத்தியமா என்று முப்பது வருடத்தில் பல தடவை கேட்டிருக்கிறான், இந்தத் தடவைதான் நிஜமாகவே கேட்டான். விஷயத்தைச் சொன்னேன். "எத்தனை சுருள் வாங்கணும்?" என்றான் பிறகு. அவ்வளவுதான் அவன். கூட்டாளி என்றால் அப்படி ஒருவன் வேண்டும்.

அக்காவிடம் சொல்வதுதான் பெரிய பாடு. ஹாலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். உங்க கெணத்துத் தண்ணிக்குச் செம்பு ஆகாது. செம்பு கரைஞ்சு தண்ணில வருது. உங்களுக்கு வாந்தி அதனாலதான். பிள்ளைக்கு இந்தத் தண்ணி கூடவே கூடாது."

"கொதிக்க வச்சுத்தானே தம்பி குடுப்போம்?"

"கொதிக்க வச்சா கிருமிதான் சாகும்க்கா. செம்பு போகாது."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நல்லதான்னு கேட்டேனே தம்பி. உன் மொகத்தப் பாத்துத்தானே கேட்டேன்," என்றார். அவ்வளவுதான் கேட்டார். அவமானம் என்றால் என்னவென்று அறுபது வயதை நெருங்கும்போது அந்த ஹாலில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது கிராணி ஐயா எழுந்து வெளியே போய், பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடு ஹாலில் வைத்தார். "மொத நாளே கசந்துச்சு," என்றார்.

அக்கா திரும்பினார். வந்ததே கோபம்! "மொத நாளேவா? நான் ஒரு வாரமா வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கேன். நீங்க கார்ல ஒக்காந்து பாட்டில் தண்ணி குடிச்சீங்களா? வாயத் தொறந்து சொல்றதுக்கென்னா?"

"நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க," என்றார் அவர். "எனக்குத்தான் நாக்குல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். வேல செஞ்சவரே நல்லதுன்னு சொல்லும்போது..." பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் நல்ல மனிதர். நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அப்படித்தான். நாம் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்ததைப் பார்த்தபின் குறை சொல்ல அவர்களுக்கு வாய் வராது. நல்லா இருக்கு தம்பி என்பார்கள். அதை நம்பாதீர்கள். அந்த வீட்டு மனிதர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்று நாளில் பிடுங்கிப் போட்டோம். செலவு என்னுடையது, அதைப் பேச எதுவுமில்லை. அந்த மூன்று அழகான குழாய்களையும் நானே அறுத்தேன். ரஹீம் ரம்பத்தை வாங்கிக்கொள்ளப் பார்த்தான், நான் விடவில்லை. ஒரு துண்டை உள்பக்கம் பார்த்தேன். ஒரு வாரத்துக்குள்ளேயே உள்ளே நிறம் மாறியிருந்தது. கிண்டல் செய்த பெக்ஸையே கூரைக்குக் கீழே வெயில் படாமல் ஓட்டினோம். எலி வரும் இடத்தில் உறை போட்டோம். மூட்டுகள் கொஞ்சம்தான். அந்தச் சுருளும் வளைவும் எனக்கு இன்றைக்கும் அழகாகத் தெரியவில்லை, ஆனால் அதன் வழியாக வந்த தண்ணீர் தண்ணீராகவே வந்தது. அக்கா அந்த மூன்று நாளும் டீ போட்டுக் கொடுத்தார், பாட்டில் தண்ணீரில். என்னோடு மட்டும் பேசவில்லை. ரஹீமிடம் மலாயில் நன்றாகப் பேசினார்.

வேலை முடிந்ததும் புதுக் குழாயிலிருந்து இன்னொரு பாட்டில் பிடித்து லேபில் கொடுத்தேன். அது வரும்வரை யாரும் குடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் பாட்டிலின் முடிவு முந்தி வந்தது. எண்கள் எனக்கு எதற்கு? கடைசி வரியில், கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று இருந்தது.

கவிதாவுக்குத் தேதிக்கு முன்பே ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகிவிட்டது. பெண் பிள்ளை. ரஹீம் மூலமாகத்தான் எனக்குத் தெரியும். இரண்டாவது பாட்டிலின் முடிவு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. செம்பு இல்லை, புளிப்பைத் தவிர வேறு குறையும் இல்லை, கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம். அதைப் படம் பிடித்து கிராணி ஐயாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

மத்தியானம் போன் அடித்தது. அக்கா. பின்னால் பிள்ளை அழும் சத்தம்.

"தம்பி, பிள்ளைய வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம். பசிக்கு அழுவுது. வீட்டுல மொதப் பாலு கலக்கப் போறேன். ஐயா நீ அனுப்புன தாளப் படிச்சுக் காட்டிட்டாரு. ஆனா எனக்குத் தாளெல்லாம் தெரியாது. நீ சொல்லு. ஒன் குழாய்த் தண்ணிய எடுக்கவா?"

இத்தனை வருடத்தில் ஒழுகுமா என்று கேட்டிருக்கிறார்கள், எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. அத்தனை நடந்த பிறகும் அந்த மனுஷி என்னைக் கேட்டார்.

லேப் தாளை எடுத்து இன்னொரு முறை முழுவதும் படித்தேன். போனில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை.

"எடுங்கக்கா," என்றேன்.

போனை வைத்தபிறகும் லேப் தாளை மறுபடி மறுபடி படித்தேன். பிள்ளை நன்றாக வளர்கிறது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் அன்றைக்கு அந்தத் தாளை விடாமல் படித்தது ஏன் தெரியுமா? செம்பு ஓடிய அந்த முதல் வாரத்தில் அக்கா அதையே கேட்டிருந்தால், எந்தத் தாளையும் பார்க்காமல், ஒரு நொடிகூட யோசிக்காமல், சிரித்துக்கொண்டே இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.